எந்தச் சராசரியின் பக்கம்?

குடும்ப வருமான, செலவின ஆய்வின் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் இலங்கையின் வறுமை வீதம் 4.1 சதவீதம். துறைவாரியாகப் பிரித்தால் நகரம் 1.9, கிராமம் 4.3, தோட்டம் 8.8. அடுத்த அட்டவணையில் மாவட்டங்கள் வருகின்றன: பதுளை 6.8, நுவரெலியா 6.3. தோட்டத்துறை சனத்தொகை நுவரெலியாவில் ஏறத்தாழப் பாதி. பதுளையில் அது வெகு குறைவு. முதல் அட்டவணையைப் பார்த்தவர் தோட்டம்தான் வறுமையின் இருப்பிடம் என்பார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் தோட்டம் கூடின மாவட்டத்தில் வறுமை சற்றுக் குறைவு என்று எழுதிவிடுவார். இரண்டு அட்டவணையும் ஒரே திணைக்களம், ஒரே ஆய்வு, ஒரே வீடுகள்.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1950இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார். ஆள் ஆளாகப் பார்த்தால் தொடர்புக் குணகம் 0.118. வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாதோர் சற்று அதிகம். மாநில மாநிலமாகப் பார்த்தால் அது மைனஸ் 0.526. குறியே மாறிவிட்டது. குடியேறிகள் போய்த் தங்கியது எழுத்தறிவு கூடின மாநிலங்களில் என்பதால் வந்த வினை அது. கூட்டத்தின் எண்ணை ஆளின் தலையில் வைக்காதே என்று அப்போதிருந்து எல்லா ஆய்வுமுறை வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரி, அப்படியானால் ஆள் மட்டத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தை மறந்துவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. பதுளை மாவட்டத்து வெலிமடையில் ஒரு லயத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுமா என்பதற்குப் பிள்ளையின் வீடு ஒரு காரணம், பள்ளிக்கூடம் ஒரு காரணம், தோட்டம் ஒரு காரணம். மூன்றும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பவை.

மட்டங்களை ஒன்றாக வைத்துக் கணக்கிடும் முறைக்குப் பல்மட்ட மாதிரியுரு என்று பெயர். அதைக் கற்கப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு நூல்களில் ஒன்றின் கையில் போய்ச் சேருகிறார். ஒன்று அந்தனி பிரைக்கும் ஸ்டீபன் ராடன்புஷும் 1992இல் எழுதிய ‘ஹயரார்க்கிக்கல் லீனியர் மாடல்ஸ்’. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் ராடன்புஷ் பெயர் முன்னால் போயிற்று. மற்றது அண்ட்ரூ கெல்மனும் ஜெனிஃபர் ஹில்லும் 2007இல் எழுதிய, நீண்ட பெயர் கொண்ட நூல். கேம்பிரிட்ஜ் வெளியீடு. ஆய்வாளர்கள் பேச்சில் அது ‘கெல்மன்–ஹில்’தான். லண்டனிலும் பிறகு பிரிஸ்டலிலும் ஹார்வி கோல்ட்ஸ்டைன் வளர்த்தெடுத்த மரபு மூன்றாவதாக உண்டு. அதன் இலவசப் பாடங்கள் தரமானவை. ஆனாலும் இங்கே எடுத்துக்கொள்வது இரண்டைத்தான். இந்த இரண்டும் ஒரே கணிதத்தை இருவேறு மனநிலையில் சொல்கின்றன. பதுளை அடங்கிய ஊவாவின் தோட்டங்களைப் பற்றி எழுத உட்காரும் ஒருவருக்கு அந்த மனநிலை வேறுபாடு சூத்திரத்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

ராடன்புஷ்–பிரைக் நூலின் உயிர் ஒரு தரவுத்தொகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் 160 உயர்நிலைப் பள்ளிகளில் 7,185 மாணவர்களின் கணிதப் புள்ளிகள். 90 அரச பள்ளிகள், 70 கத்தோலிக்கப் பள்ளிகள். ஒரு பள்ளியில் குறைந்தது 14 மாணவர், கூடியது 67. நூல் முதலில் ஒரு எளிய கேள்வி கேட்கிறது: புள்ளிகளில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பள்ளிகளுக்கு இடையே, எவ்வளவு பள்ளிக்குள்ளே? பள்ளிகளுக்கு இடையிலான மாறற்றிறன் 8.61, பள்ளிக்குள் 39.15. ஆக மொத்த வேறுபாட்டில் ஏறக்குறைய 18 சதவீதம் பள்ளிகளுக்கு இடையே கிடக்கிறது. ஒரே பள்ளியில் படிக்கும் இருவர் எவ்வளவு தூரம் ஒத்திருக்கிறார்கள் என்பதற்கும் இந்த 0.18தான் அளவு.

அதன் பிறகு நூல் இரண்டு தட்டாக எழுதத் தொடங்குகிறது. கீழ்த்தட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கோடு: மாணவரின் குடும்ப வசதி கிடையச்சில், கணிதப் புள்ளி நிலையச்சில். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வெட்டுத்துண்டு, ஒரு படித்திறன். மேல்தட்டில் அந்த வெட்டுத்துண்டும் படித்திறனுமே விடைகளாகி, பள்ளியின் இயல்புகளால் விளக்கப்படுகின்றன. இந்த இடத்தில் நூல் ஒரு அரசியல் கேள்வியைக் கணக்காக மாற்றிவிடுகிறது. வசதி குறைந்த பிள்ளை வசதியுள்ள பிள்ளையைவிடப் பின்தங்கும் தூரம் எல்லாப் பள்ளியிலும் ஒன்றா? ஒன்றல்ல என்பது விடை. சராசரி வசதியுள்ள பள்ளிகளை எடுத்தால், அரச பள்ளியில் வசதி ஓரலகு கூடப் புள்ளி 2.94 கூடுகிறது. கத்தோலிக்கப் பள்ளியில் அந்த ஏற்றம் 1.64 குறைந்து 1.30தான். வீட்டின் வறுமை அங்கே பிள்ளையை அவ்வளவு தண்டிப்பதில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் பற்றி ஜேம்ஸ் கோல்மன் கிளப்பிய 1980களின் சண்டை இந்தப் படித்திறனுக்குப் பின்னால் இருக்கிறது. மாணவர் தேர்வு, பெற்றோர் ஆர்வம் என்று மறுப்புகளும் நிறைய வந்தன. மறுப்புகளில் பாதி நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஆனால் கேள்வி எழுதப்பட்ட விதம் நிற்கிறது.

கெல்மன்–ஹில்லின் உயிர் நிலத்துக்கடியில் இருக்கிறது. மண்ணிலிருந்து கசிந்து வீட்டு நிலவறையில் தேங்கும் ரேடன் வாயு நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. மினசோட்டா மாநிலத்தின் 85 கவுண்டிகளில் 919 வீடுகளில் அதை அளந்திருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் 116 வீடுகள். லாக் கி பார்ல் என்ற கவுண்டியில் இரண்டே வீடுகள், இரண்டிலும் அளவு உச்சம். கேள்வி இதுதான்: மாநிலத்திலேயே ஆபத்தான கவுண்டி லாக் கி பார்ல் என்று அறிவிக்கலாமா? இரண்டு வீட்டை நம்பினால் அறிவிக்கலாம். எல்லாக் கவுண்டியையும் ஒன்றாகக் குழைத்து ஒரே சராசரி எடுத்தால் கவுண்டி என்ற பேச்சே இல்லாமல் போகும். பல்மட்ட மாதிரியுரு நடுவே நிற்கிறது. தரவு நிறைய உள்ள கவுண்டியை அதன் சொந்த எண்ணோடு விட்டுவிடுகிறது. தரவு குறைந்த கவுண்டியைப் பொதுச் சராசரியின் பக்கம் இழுக்கிறது. எவ்வளவு இழுப்பது என்பதைத் தரவே சொல்கிறது.

ராடன்புஷ்–பிரைக்கிலும் இந்த இழுப்பு உண்டு, நம்பகத்தன்மை என்ற பெயரில். மேலே சொன்ன 8.61, 39.15 இரண்டையும் வைத்துக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 45 மாணவர் உள்ள பள்ளியில் பள்ளியின் சொந்தச் சராசரிக்கு எடை 0.91. ஐந்து மாணவர் என்றால் 0.52. இரண்டே பேர் என்றால் 0.31, மீதி 0.69 பொதுச் சராசரிக்கு. எண் ஒன்றுதான். ஆனால் ராடன்புஷ்–பிரைக் வாசகருக்கு அது வழியில் தாண்டிப்போகும் ஒரு படி. கெல்மன்–ஹில் வாசகருக்கு அதுவே வீடு. முதல் நூல் குணகங்களின் அட்டவணையோடு முடிகிறது. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பீடு, அதைச் சுற்றி ஒரு நிச்சயமின்மைக் கோடு என்று வரைந்து காட்டாமல் இரண்டாவது நூலுக்குத் தூக்கம் வராது.

இப்போது வெலிமடைக்கு வருவோம். பதுளை மாவட்டத்தின் 2012ஆம் ஆண்டுச் சனத்தொகை சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம், அதில் மலையகத் தமிழர் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரே மாவட்டத்துக்குள் மகியங்கனைப் பக்கத்து உலர் வலய வயற்கிராமமும் இருக்கிறது, ஹப்புத்தளையின் பனிமூட்டத் தேயிலை மலையும் இருக்கிறது. வெலிமடை இரண்டுக்கும் இடையில், உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் சிங்களக் கிராமங்கள் சூழ, நடுநடுவே தோட்டங்களோடு கிடக்கிறது. தேசிய ஆய்வு ஒன்று இந்தப் பக்கம் வரும்போது ஒரு கணக்கெடுப்புத் தொகுதிக்குப் பத்து வீடுகள் என்ற அளவில்தான் எடுக்கிறது. 2016இல் நாடு முழுவதும் 2,500 தொகுதி, 25,000 வீடு. ஆகவே ஒரு தனித் தோட்டத்தைப் பற்றி அந்த ஆய்விடம் கேட்டால், கேட்பவர் லாக் கி பார்ல் கவுண்டியில்தான் நிற்கிறார். தோட்டத்துக்கு ஐந்து வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எனவே கெல்மன்–ஹில் வழிதான் நமக்கு என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இழுக்கிறோம் என்றால் எதை நோக்கி இழுக்கிறோம்?

ஒரு கற்பனைக் கணக்கு. அமெரிக்கப் பள்ளிகளின் அதே மாறற்றிறன்களையே கடன் வாங்கிக்கொள்வோம். ஒரு தோட்டப் பாடசாலையில் ஐந்து பிள்ளைகளைச் சோதித்தோம், சராசரி 6. வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்குமான சராசரி 12.64. எடை 0.52 என்பதால் மதிப்பீடு 9.2 என்று வரும். கையில் உள்ள ஐந்து பிள்ளைகளும் 6 என்று சொல்ல, மாதிரியுரு 9.2 என்கிறது. அறிக்கையை வாசிக்கும் அதிகாரிக்கு அந்தப் பாடசாலை கொஞ்சம் பின்தங்கியது, அவ்வளவுதான். சூத்திரத்தில் எந்தத் தவறும் இல்லை. எல்லாப் பாடசாலையும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவை, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கலாம் என்ற அனுமானத்தை நாம் கொடுத்தோம், அது கேட்டபடி நடந்துகொண்டது. வெலிமடை நகரத்துப் பாடசாலையையும் தேயிலை மலையின் உச்சியில் ஐந்தாம் வகுப்போடு முடியும் மூன்றாம் வகைப் பாடசாலையையும் மாற்றிவைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது மேல்தட்டில் ஒரு நிரலைச் சேர்க்கிறோம்: தோட்டப் பாடசாலையா, இல்லையா. தோட்டப் பாடசாலைகளின் சராசரி 8 என்று வைத்துக்கொண்டால், அதே ஐந்து பிள்ளைகள், அதே எடை, மதிப்பீடு 7.0. இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம். உண்மையில் நிரலைச் சேர்த்தவுடன் பாடசாலைகளுக்கு இடையிலான விளக்கப்படாத மாறற்றிறனும் குறையும், ஆகவே எடையும் மாறும். மினசோட்டாவில் கவுண்டியின் மண்ணில் உள்ள யுரேனிய அளவைச் சேர்த்தபோது கவுண்டிகளுக்கு இடையிலான நியமவிலகல் 0.33இலிருந்து 0.16க்கு இறங்கியது. இழுப்பு பலமானது. ஆனால் இழுக்கப்படும் திசை சரியானதாயிற்று: யுரேனியம் கூடின கவுண்டி யுரேனியம் கூடின கவுண்டிகளின் பக்கம் போனது. அமெரிக்கப் பள்ளித் தரவில் கத்தோலிக்கமா அரசா என்ற நிரல் செய்த வேலையும் இதுதான். ஆக இரண்டு நூலிலும் மருந்து இருக்கிறது. முதல் நூலில் அது அத்தியாயத்தின் மையம், தப்பவிட முடியாது. இரண்டாவதில் மேல்தட்டு மாறி இல்லாத எளிய வடிவம் முன்னால் வருகிறது, யுரேனியம் பின்னால் வருகிறது. அவசரமாகப் படிக்கும் ஆய்வு மாணவர் முதல் பகுதியோடு நூலை மூடிவிட்டால், தோட்டத்தின் வறுமையை மாவட்டச் சராசரியில் கரைத்துவிட்டு நவீன முறை கற்றுக்கொண்டோம் என்று திருப்திப்படுவார்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் உலக வங்கியோடு சேர்ந்து 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பையும் 2012/13 வருமான ஆய்வையும் இணைத்துப் பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் வறுமை வரைபடம் ஒன்றை 2015இல் வெளியிட்டது. சிறு பிரதேசத்துக்கு எண் தருவதற்காக வேறிடத்துத் தரவைக் கடன் வாங்குகிறது என்ற வகையில் அதுவும் ரேடன் கணக்கின் உறவினர்தான். வரைபடத்தில் பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரு நிறம். அந்த நிறத்துக்குள் ஒரு தோட்டத்தின் டிவிசன் எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்குப் பதில் கிடைக்காது. வரைபடத்தின் குற்றம் அல்ல அது, அதன் மட்டம் அவ்வளவுதான்.

தோட்டம் என்ற நிரலும் அவ்வளவு சுத்தமானதல்ல. 20 ஏக்கருக்குக் குறையாத நிலம், அதில் 10 பேருக்குக் குறையாத வதியும் தொழிலாளர் இருந்தால்தான் அது புள்ளிவிபரத்தில் தோட்டம். லயத்தை விட்டு வெளியே வந்து வெலிமடைச் சந்தைக்குக் காய்கறி போடும் கமத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம் கிராமியத்துறை. சின்னத் தேயிலைக் காணியில் இருப்பவர்களும் கிராமியத்துறை. போதாததற்கு, ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை நிரல், லிப்டன் 1890இல் தொழிற்சாலை கட்டிய தம்பேத்தன்னையையும், 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு லயங்களை விழுங்கிய கொஸ்லந்தை மீரியபெத்தையையும் ஒரே வரியில் எழுதிவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தனி விலகல் விட்டுவைப்பது இதற்காகத்தான். நிரல் பொதுத் திசையைச் சொல்லும், விலகல் ஒவ்வொன்றின் தனிக்கதையைச் சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது பழைய ரிக்ரஷனுக்குத் திரும்பிப்போவதுதான்.

படித்திறனை மாறவிடுவதில் ராடன்புஷ்–பிரைக் காட்டும் பிடிவாதம் தோட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு நாட்சம்பளம் நல்ல உதாரணம். நாட்சம்பளம் எந்தத் தோட்டத்திலும் பெரும்பாலும் ஒன்றே. கொழும்பில் தீர்மானமாகும் தொகை அது. ஆள் மட்டத்தில் சம்பளத்தை ஒரு மாறியாகப் போட்டால் மாறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து கேட்கிறார்கள், அரைப் பேர் எப்போது போடுகிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் பெரட்டுக்கு அழைக்கிறார்கள் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. கவ்வாத்து வெட்டிய மலை எது, கொழுந்து ஓடும் மலை எது என்பதைப் பொறுத்து ஒரே தோட்டத்தில் டிவிசனுக்கு டிவிசனும் வேறு. ஆகக் குடும்ப வருமானத்தின் வேறுபாட்டில் ஒரு பெரிய துண்டு மேல்மட்டத்தில் கிடக்கிறது. ஒரு வீட்டில் இருவர் மலைக்குப் போனால் வருமானம் எவ்வளவு கூடும் என்ற படித்திறனும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாயிருக்கக் காரணமில்லை. வீட்டுக்குள் கேள்விக்கொத்தைக் கொண்டுபோய் நூறு கேள்வி கேட்பவர்கள், பெரட்டுக்களத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

குழுவின் சராசரியையும் ஆளின் அளவையும் பிரித்துப் போடவும் ராடன்புஷ்–பிரைக் நூல்தான் வற்புறுத்துகிறது. பள்ளிக்குள் குடும்ப வசதி ஓரலகு கூடினால் கணிதப் புள்ளி 2.19 கூடுகிறது. பள்ளியின் சராசரி வசதி ஓரலகு கூடினால் 5.86. ஒரே பெயர் கொண்ட மாறி இரண்டு மட்டத்தில் இரண்டு வேலை செய்கிறது. பிரிக்காமல் போட்டால் இரண்டும் கலந்து, எதையும் குறிக்காத ஒரு குணகம் வரும். ராபின்சனின் 0.118, மைனஸ் 0.526 இரண்டையும் ஒரே மாதிரியுருவுக்குள் குடியேற்றும் வழி இது. பதுளை–நுவரெலியா புதிருக்கும் இதே வழிதான்: வீடு தோட்டத்துறையா என்பது கீழ்த்தட்டில், மாவட்டத்தில் தோட்டத்துறையின் பங்கு மேல்தட்டில். இரண்டுக்கும் இரண்டு குணகம் வரட்டும். குறி வேறுபட்டால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஆய்வு மாணவர்களிடம் நான் காணும் நோய் ஒன்று உண்டு. இரண்டு தோட்டம், தோட்டத்துக்கு 100 பேர், மொத்தம் 200 என்று முன்மொழிவில் எழுதுகிறார்கள். 200 என்பது மரியாதையான எண், மேற்பார்வையாளரும் தலையசைத்துவிடுகிறார். ஒரே தோட்டத்தவர் ஒத்திருக்கும் அளவு 0.15 என்று வைத்து லெஸ்லி கிஷ் தந்த வடிவமைப்பு விளைவைப் போட்டுப் பாருங்கள். குழுவின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, 0.15ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்: 15.85. சராசரியைக் கணிப்பதைப் பொறுத்தவரை அந்த 200 பேர் உண்மையில் 13 பேருக்குச் சமம். இருபது தோட்டம், தோட்டத்துக்குப் பத்துப் பேர் என்று மாற்றினால் விளைவு 2.35, அதே 200 பேர் 85 பேருக்குச் சமம். தோட்டத்துக்குள்ளேயே நடக்கும் ஒப்பீட்டுக்கு, உதாரணமாக ஒரே டிவிசனில் ஆண் பெண் வேறுபாட்டுக்கு, இந்தத் தண்டனை இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் ஊவாத் தோட்டங்களில் என்ன நடக்கிறது என்று தலைப்பு வைப்பவர் இருபதுக்குப் போகத்தான் வேண்டும். போவது சுலபமில்லை என்பது தெரிந்ததே. இருபது தொரைமாரிடம் அனுமதிக் கடிதம், பஸ் போகாத பாதையில் நடை, மழை வந்தால் அன்றைய நாள் போச்சு. வெளிநாட்டு நூல்களின் அத்தியாயங்கள் எதிலும் இந்தச் செலவு வராது. இரண்டே தோட்டம்தான் முடியும் என்றால் பல்மட்ட மாதிரியுருவை விட்டுவிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து ஆழமாக எழுதுவது நேர்மையான வேலை. குழுக்கள் ஐந்துக்கும் குறைவாக இருந்தால் குழுக்களுக்கு இடையிலான மாறற்றிறனை மதிப்பிடப் போதிய தகவல் இருக்காது என்று கெல்மன்–ஹில்லும் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராடன்புஷ்–பிரைக்கோடு பிறந்த எச்எல்எம் மென்பொருள் காசுக்கு. கெல்மன்–ஹில் நம்பியிருக்கும் ஆர் இலவசம், அதற்குள் டக்ளஸ் பேட்ஸும் சகாக்களும் எழுதிய எல்எம்இ4 பொதியும் இலவசம். பள்ளித் தரவும் ரேடன் தரவும் ஆரின் பொதிகளிலேயே கிடைக்கின்றன. பணத்தைப் பொறுத்தவரை போட்டி அங்கேயே முடிந்தது. முதல் நூலை வாசித்துக்கொண்டு இரண்டாம் நூலின் கருவியில் கணக்குப் போடுவதற்கு ஒரு தடையும் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: எச்எல்எம் இரண்டு தட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறது, எது எந்த மட்டம் என்று கை வழியாகவே மனதில் பதிகிறது. ஆரில் எல்லாம் ஒரே வரி. வரி ஓடிவிடும், என்ன ஓடியது என்று தெரியாமலே. ஆகவே ஆரில் தட்டுவதற்கு முன் காகிதத்தில் இரண்டு தட்டாக எழுதிப் பழகுவதைக் கற்பிப்போர் கட்டாயமாக்கலாம்.

நூல்கள் இரண்டும் நேராகப் பிரியும் இடம் இன்னொன்று இருக்கிறது, தோட்டத்தில் அது தவிர்க்க முடியாத இடம். பள்ளித் தரவில் மாணவர் பள்ளிக்குள் அடங்குகிறார், அவ்வளவுதான். இங்கே பிள்ளை ஒரு தோட்டத்தில் வசிக்கிறது, ஒரு பாடசாலையில் படிக்கிறது, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதில்லை. ஒரே லயத்திலிருந்து ஒரு பிள்ளை தோட்டத்துப் பாடசாலைக்கு நடந்து போகும். அடுத்த வீட்டுப் பிள்ளை ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்குப் பிறகு பஸ் ஏறி வெலிமடைக்கோ பண்டாரவளைக்கோ போகும். ஒரு பாடசாலைக்குள் நான்கு தோட்டத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். தோட்டமும் கிராம சேவகர் பிரிவும்கூட ஒன்றன் எல்லைக்குள் ஒன்று நிற்பதில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை வழங்கச் சட்டத் தடை 2018இன் திருத்தம் வரை இருந்ததால், எல்லைகளை ஒழுங்காகப் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவை நிர்வாகத்துக்கும் அதிகம் இருக்கவில்லை. ராடன்புஷ்–பிரைக்கின் இரண்டாம் பதிப்பு குறுக்கு வகைப்பாட்டுக்கு ஸ்கொட்லாந்தின் அயற்பகுதிகளையும் பள்ளிகளையும் வைத்து ஒரு தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. நூலின் பின்பகுதியில், கடினமான சிறப்பு விடயமாக. கெல்மன்–ஹில்லில் அது விமானிகளும் விமான நிலையங்களும் கொண்ட ஒரு சிறு உதாரணமாக, சாதாரணமாக வந்துபோகிறது. குழு என்றால் அடுக்கில் ஒன்றன் கீழ் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த நூலில் இல்லை. தரவில் எந்த நிரலும் குழுவாகலாம்.

என் தெரிவு இதிலிருந்து வருகிறது. தொடங்குவது ரேடன் வழியில்: தோட்டம் ஒன்று, பாடசாலை ஒன்று என்று இரண்டு விலகல்களை ஒரே நாளில் ஓடவிடலாம், குறைந்த தரவுள்ள தோட்டத்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் படத்தில் பார்க்கலாம். அந்தப் படத்தைப் பார்த்த கையோடு ராடன்புஷ்–பிரைக்குக்குப் போய் மேல்தட்டில் என்ன எழுதுவது, எந்தப் படித்திறனை மாறவிடுவது என்று யோசிக்க வேண்டும். தலைகீழாகப் படித்தால் முதல் மூன்று மாதம் அடுக்குக் குறியீடுகளிலேயே போய்விடும், அதற்குள் பலர் கைவிட்டுவிடுவார்கள். ரேடனோடு நின்றுவிட்டால் முன்னே சொன்ன ஐந்து பிள்ளைகளின் 6 யாருக்கும் தெரியாமல் 9.2 ஆகிவிடும்.

நடைமுறையில் இதற்குத் தேவைப்படுவது களத்துக்குப் போவதற்கு முன்பே தரவுத்தாளில் திறந்து வைக்கும் சில நிரல்கள். பிள்ளை வசிக்கும் தோட்டம், டிவிசன், கிராம சேவகர் பிரிவு, படிக்கும் பாடசாலை, பாடசாலையின் வகை, தோட்டத்தை நடத்தும் கம்பனி. கேள்விக்கொத்தின் முதல் பக்கத்தில் இவற்றைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். திரும்பி வந்த பிறகு இவற்றைத் தேடிப் பிடிப்பது அநேகமாக முடியாது. பொகவந்தலாவையிலோ பசறையிலோ பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு எந்தத் தோட்டத்தை எழுதுவது என்பதை மட்டும் கேள்வி கேட்பவர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு நூலிலும் விடை கிடையாது.